நாடக வழக்கும் நம் ஐயமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

தொலைக்காட்சியில் வரும் வீரதீரத் தொடர்களில் விஞ்ஞானம் படும் பாட்டைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்துள்ளார். குறளும் சிலம்பும் முழங்க வேண்டிய மேடையில் இதென்ன தலைப்பு என்று முன்வரிசையில் அமர்ந்துள்ள பெரியவர்கள் எண்ணக்கூடும். ஆயினும் இப்பொருளைப் பேசுதற்கு அணுசக்தி நகரைக் காட்டிலும் பொருத்தமான ஊர் பாரத நாட்டில் எங்கே இருக்கிறது? காலையில் டிராம்பே வாயிலுக்குள் நுழைந்து, அணுவோடும் கதிர்வீச்சோடும் பகல் முழுதும் பழகி, மாலையில் வீடு திரும்பி, காப்பியை அருந்திவிட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன் அமரும் குடும்பத் தலைவர்கள் நிறைந்த குடியிருப்பு இது. மற்ற ஊர்களில் ஒரு தொடரை அமைதியாகக் கண்டு மகிழலாம். இங்கே அது இயலாது. வில்லன் அணு உலையின் பொத்தானை அழுத்துகிறான். பத்து நொடியில் நகரம் அழியும் என்று எண்கள் ஓடுகின்றன. உடனே சாய்வு நாற்காலியிலிருந்து, "அதெப்படி வெடிக்கும்?" என்று ஒரு குரல் எழுகிறது. "அப்பா, கொஞ்சம் பேசாமல் இருங்கள்" என்று மற்றொரு குரல் எழுகிறது. இவ்விரு குரல்களுக்கும் இடையே நிகழும் வழக்கையே இன்று விசாரிக்க முற்படுகிறோம்.

ஆங்கிலக் கவிஞர் கோலரிட்ஜ், 1817-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் இலக்கிய வாழ்க்கை வரலாற்று நூலில் இதற்கொரு பெயர் சூட்டினார். பொய்யென்று அறிந்தும், கவிதை நடக்கும் அந்நேரத்திற்கு மட்டும் நம் அவநம்பிக்கையைத் தாமாக விரும்பி ஒதுக்கி வைக்கும் மனநிலை என்று அதனை விளக்கலாம். அவருக்குப் பல நூற்றாண்டுகட்கு முன்னரே நம் தொல்காப்பியர், அகத்திணையியலில், நாடக வழக்கு என்றும் உலகியல் வழக்கு என்றும் இரண்டாகப் பிரித்துவிட்டார். உலகில் நடப்பது உலகியல் வழக்கு. சுவையுள்ளவற்றையெல்லாம் ஓரிடத்தே நிகழ்ந்தனபோல் தொகுத்துக் கூறுவது நாடக வழக்கு என்று இளம்பூரணர் உரை வகுக்கிறார். இரண்டும் கலந்தே இலக்கியம் பிறக்கிறது. ஆகவே 'இது நடக்குமா?' என்று நாடகத்தைப் பார்த்துக் கேட்பதற்கு முன், எந்த வழக்கில் நின்று கேட்கிறோம் என்பதை நாம் தெளிந்துகொள்ள வேண்டும்.

தெருக்கூத்தைக் காண்போம். இருவர் ஒரு திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றனர். அதற்கு மேலே கிரீடம் தெரிகிறது. கீழே சலங்கை கட்டிய கால் தெரிகிறது. அங்கே நிற்பவர் அடுத்த தெருவில் வசிப்பவர் என்பதும் ஊருக்குத் தெரியும். எனினும் திரை விலகும்வரை துரியோதனன் இன்னும் சபைக்கு வரவில்லை என்றே ஊர் முழுதும் ஒப்புக்கொள்கிறது. ஏமாந்தவர் எவரும் அங்கே இல்லை. கோயிலுக்குள் நுழையும்போது செருப்பை வாயிலில் விட்டுச் செல்கிறோம். திரும்பும்போது மறவாமல் மாட்டிக்கொள்கிறோம். ஐயத்தையும் அவ்வாறே கூத்துக் களத்தின் வாயிலில் விட்டுச் சென்றனர் நம் முன்னோர்.

இனித் தொலைக்காட்சிக்கு வருவோம். அணுசக்தி நகரத்தார் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய தொடர் ஒன்று உண்டு. 1975-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கெர்ரி ஆண்டர்சன், சில்வியா ஆண்டர்சன் ஆகியோர் உருவாக்கிய 'ஸ்பேஸ்: 1999' என்பது அதன் பெயர். மொத்தம் 48 பகுதிகள். கதையின் தொடக்கம் இது: பூமியின் அணுக்கழிவுகளையெல்லாம் நிலவின் மறுபக்கத்திற் கொண்டுபோய்ப் புதைக்கிறார்கள். 1999-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் நாள் அக்கழிவுக் குவியல் வெடிக்கிறது. வெடிப்பின் வேகத்தில் நிலவு பூமியின் பிடியிலிருந்து அறுந்து, அண்ட வெளியில் ஓடத் தொடங்குகிறது. நிலவில் அமைந்த 'ஆல்பா' என்னும் தளத்தில் வாழ்ந்த 311 பேரும் அதனோடு சேர்ந்து ஓடுகின்றனர்.

கேட்ட அளவிலேயே இங்கே சிலர் நகைப்பதைக் காண்கிறோம். நகைப்பதோடு நில்லாமல் கணக்கும் பார்த்துவிடுவோம். நிலவின் நிறை 7.35-ஐ அடுத்து 22 முறை பத்தாற் பெருக்கிய அத்தனை கிலோகிராம். அது பூமியைச் சுற்றும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1.02 கிலோமீட்டர். இந்நிலையிலிருந்து அதனை விடுவிக்க, இப்போது அதற்குள்ள இயக்க ஆற்றலைப் போல் இன்னொரு மடங்கு ஆற்றலை ஊட்ட வேண்டும். மனிதன் இதுவரை வெடித்த குண்டுகளுள் மிகப் பெரியது 1961-ஆம் ஆண்டில் சோவியத் நாடு வெடித்தது. ஏறத்தாழ 50 மெகாடன். அத்தகைய குண்டுகள் எத்தனை வேண்டும்? ஏறத்தாழ 18,000 கோடி! உலக மக்கள் அனைவருக்கும் ஆளுக்கு இருபத்திரண்டு குண்டுகள் பங்கிட்டுக் கொடுக்கலாம். அவ்வளவு ஆற்றலும் சிறிதும் சிதறாமல் ஒரே திசையில் தள்ள வேண்டும். உண்மையில் நிகழ்ந்தால் நிலவு நகர்வதற்கு முன் நொறுங்கும். தளமும் இல்லை, கதையும் இல்லை.

அதனோடு முடிந்ததா? ஒவ்வொரு வாரமும் அந்நிலவு ஒரு புதிய உலகத்தை அடைகிறது. சூரியனை அடுத்துள்ள மிக அண்மை விண்மீன் 4.24 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. 1977-ஆம் ஆண்டில் புறப்பட்ட வாயேஜர் 1 நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் விரைகிறது. அந்த வேகத்தில் நிலவு ஓடினாலும் முதல் விண்மீனின் தொலைவைக் கடக்க 75,000 ஆண்டுகள் ஆகும். முதற்பகுதிக்கும் இரண்டாம் பகுதிக்கும் இடையே ஏழு நாள் என்பது சற்றுக் குறைவே. போதாக்குறைக்கு, அணுக்கழிவு அணுகுண்டைப்போல் வெடிப்பதும் இல்லை. டிராம்பேயிலும் தாராப்பூரிலும் கல்பாக்கத்திலும் உயர்கதிரியக்கக் கழிவைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி உறையவைக்கும் பணியை இந்த அவையிலுள்ளோர் அறிவர். அக்கண்ணாடிக் கட்டி வெப்பத்தை வெளியிடும், கதிரை வீசும், நிலவைத் தள்ளாது. விஞ்ஞானக் கதைகளின் பேராசான் ஐசக் அசிமோவ் 1975-ஆம் ஆண்டிலேயே நியூயார்க் டைம்ஸ் இதழில் இத்தொடரின் விஞ்ஞானத்தைக் கடிந்து எழுதினார்.

இவ்வளவும் உண்மை. ஆயினும் அத்தொடரை விரும்பியவர்கள் பல நாடுகளில் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அவர்களெல்லாரும் பெருக்கல் வாய்பாடு அறியாதவர்களா? அல்லர். அப்பொய்யைக் கொடுத்துக் கதை எதை வாங்கியது என்பதைப் பார்க்க வேண்டும். 311 பேர் பணியின் பொருட்டுத் தம் ஊரை விட்டுச் சென்றனர். சில ஆண்டுகளில் திரும்பலாம் என்றே சென்றனர். ஒருநாள் திரும்பும் வழி அடைபட்டது. அதன்பின் அந்தத் தளமே ஊர், அருகிலிருப்பவரே உறவு. ஓய்வு பெற்றதும் தஞ்சைக்கோ நெல்லைக்கோ திரும்புவோம் என்று சொல்லிச் சொல்லியே முப்பது ஆண்டுகளை இங்கே கழித்துவிட்ட நமக்கு, இக்கதையை விளக்கவும் வேண்டுமோ? நிலவை அறுத்துவிடுவது பெரும் பொய். அறுந்துபோனவர்களின் நெஞ்சத்தைக் காட்ட அப்பொய் கதைக்குத் தேவைப்பட்டது. இதுவே நாடக வழக்கின் நியாயம்.

ஆனால் இவ்வுரிமைக்கு ஓர் எல்லை உண்டு. வாயிலில் ஒரு பெரும்பொய்யை வெளிப்படையாகக் கேட்டுப் பெற்றுக்கொண்ட கதை, உள்ளே சென்றபின் தான் வகுத்த விதியைத் தானே மீறலாகாது. 1966 முதல் 1969 வரை அமெரிக்காவில் ஓடிய 'ஸ்டார் டிரெக்' தொடரில் மனிதரை அணுவணுவாகக் கரைத்து, வேறோர் உலகில் மீண்டும் உருவாக்கும் பொறி ஒன்று வருகிறது. அது ஏன் தோன்றியது தெரியுமா? விண்கப்பலை வாரந்தோறும் ஒரு கோளில் இறக்கிக் காட்டினால் செலவு கட்டுப்படியாகாது. ஆகவே ஆட்களை மட்டும் ஒளியாக இறக்கினர். வறுமை பெற்ற பிள்ளை அந்தப் பொறி! ஓர் அணுத்துகளின் இடத்தையும் வேகத்தையும் ஒருங்கே துல்லியமாக அறிய இயலாது என்பது ஹைசன்பர்க் கண்ட விதி. இதனைச் சுட்டிக்காட்டியோர்க்கு விடையாக, பிற்காலத் தொடர்களில் 'ஹைசன்பர்க் ஈடுகட்டி' என்றோர் உறுப்பைச் சேர்த்தனர். அது எவ்வாறு வேலை செய்கிறது என்று கேட்டபோது, தொடரின் நுட்பக் கலைஞரான மைக்கேல் ஒகூடா, மிக நன்றாகவே வேலை செய்கிறது என்று விடையிறுத்தாராம். இவ்விடையை நாம் பெரிதும் மதிக்கிறோம். இதற்குமேல் கேளாதீர் என்று நகைமுகத்தோடு சொல்லிவிடும் நேர்மை அதில் இருக்கிறது.

தமிழில் இந்த நேர்மையைக் கைக்கொண்டவர் சுஜாதா. ரங்கராஜன் என்னும் இயற்பெயருடைய அவர் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திற் பணியாற்றிய பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தின் உருவாக்கத்திலும் பங்கு கொண்டவர். மின்சுற்றின் எல்லை எதுவென்று அன்றாடம் கண்டவர். அப்படிப்பட்டவர் 1980-களில் 'என் இனிய இயந்திரா' என்னும் தொடர்கதையில் ஜீனோ என்றொரு இயந்திர நாயைப் பேசவைத்தார். நூல் படிக்கவும் வைத்தார். தூர்தர்ஷனிலும் அது தொடராக வந்தது. கதை நிகழ்வதாக அவர் குறித்த காலம் இப்போது நாம் வாழும் இந்த 2020-கள். அக்காலத்தில், நாயின் உடலை ஒருவேளை செய்துவிடலாம், பேச்சைத்தான் செய்ய இயலாது என்றே பலரும் எண்ணினர். இன்று பேச்சு வந்துவிட்டது; நம் பிள்ளைகள் கைப்பேசியோடு தமிழிலேயே உரையாடுகின்றனர். வீடெங்கும் துள்ளித் திரியும் மலிவான நாய்தான் இன்னும் வரவில்லை. ஆகவே நடவாதது எது, நடப்பது எது என்று தீர்ப்பு எழுதும்போது பென்சிலால் எழுதுவது நல்லது.

விஞ்ஞானச் சொல்லை மந்திரச் சொல்லாகப் பயன்படுத்தும் தொடர்களோ வேறு இனம். கதை முட்டுச்சந்தில் நின்றுவிட்டால் 'காந்த அலை', 'காமா கதிர்', 'குவாண்டம்' என்று ஏதேனும் ஒன்றை உச்சரித்துக் கதவைத் திறந்துகொள்வர். இதனை நாம் வெறுப்பது பௌதிகப் பாடத்தின் பொருட்டன்று. முயற்சியின்றி வெல்லும் வீரனைக் கண்டு யார் மனம் துடிக்கும்? முந்தைய வாரம் செய்ய இயலாததை இந்த வாரம் ஒரு சொல்லாற் செய்துவிடலாம் என்றால், அடுத்த வாரம் அவனுக்கு எந்த ஆபத்தும் ஆபத்தன்று.

1990-களில் சன் தொலைக்காட்சியில் வந்த 'மர்மதேசம்' உங்களுள் பலருக்கு நினைவிருக்கும். 2024-ஆம் ஆண்டில் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய தொடர். அதில் 'இரகசியம்' என்னும் கதை நவபாஷாண லிங்கத்தைச் சுற்றியது. 'விடாது கருப்பு' ஒரு சிற்றூரின் காவல் தெய்வத்தையும், ஒரே மனத்துள் இரு ஆளுமை என்னும் உளநூற் கருத்தையும் எதிரெதிரே நிறுத்தியது. தெய்வமா, மனநோயா என்று வாரக்கணக்கில் தமிழ்க் குடும்பங்கள் வாதிட்டன. மருத்துவர் ஒருவர் அமர்ந்து பார்த்தால் அந்த உளநூலில் ஆயிரம் குறை காண்பார். ஆயினும் கதை தன் விதியை மீறவில்லை. இரு விளக்கங்களுக்கும் சம இடம் கொடுத்தது. அதனால் நிலைத்தது. நவபாஷாணச் சரக்குகளிற் பல, பாதரசமும் ஆர்செனிக்கும் சேர்ந்த கூட்டுப்பொருள்கள். கதையில் அவை பிணி தீர்க்கட்டும், மறுப்பில்லை. 'நவபாஷாண மணி' என்று பெயர் சூட்டி, நீரில் இட்டுப் பருகுக என்று கடையில் விற்கிறார்களே, அங்கேதான் நமக்கு நடுக்கம் உண்டாகிறது. கூத்து முடிந்தபின்னும் செருப்பில்லாமல் நடக்கத் தொடங்கும் இடம் அது.

செருப்பை எங்கே விட்டோம் என்றே அறியாத பருவம் ஒன்றும் உண்டு. அது குழந்தைப் பருவம். 1997-ஆம் ஆண்டில் தொடங்கி 2005 வரை தூர்தர்ஷனில் ஓடிய 'சக்திமான்' இந்த மாநகரத்திற் பிறந்த வீரன். முகேஷ் கன்னா நடித்தார். தவத்தாலும் யோகத்தாலும் ஆற்றல் பெற்றுச் சுழன்று சுழன்று பறக்கும் அவனை நாடெங்கும் சிறுவர் கொண்டாடினர். சக்திமான் வந்து காப்பாற்றுவான் என்று நம்பிச் சிறுவர் சிலர் உயிருக்கு ஊறு தேடிக்கொண்டதாக அந்நாளில் செய்தித்தாள்களில் செய்திகள் வந்தன. அவற்றின் உண்மை குறித்து மறுப்புகளும் வந்தன. எது எவ்வாறாயினும், இவற்றைச் செய்து பார்க்கலாகாது என்று அவ்வீரனே திரையில் தோன்றிச் சிறுவரிடம் சொல்ல நேர்ந்தது. பொய்யை ஒதுக்கி வைக்கவும் திரும்ப எடுக்கவும் தெரிந்தவனுக்கே நாடக வழக்கு இன்பம். ஆறு வயதுக் குழந்தைக்கு உலகியல் வழக்கே இன்னும் கைவரவில்லை. பல மாடிகள் உயர்ந்து நிற்கும் நம் குடியிருப்பில் பலகணிக்குக் கம்பி போட்டிருப்பது திருடனை அஞ்சி மட்டும் அன்று. அருகில் அமர்ந்து, 'அவர் கம்பியில் தொங்குகிறார். கம்பியைப் பிறகு அழித்துவிடுகிறார்கள்' என்று சொல்லிக்கொடுப்பதில் தவறில்லை. எவ்வாறு செய்தார்கள் என்பதை அறிந்த குழந்தை மேலும் மகிழ்வதையே நாம் காண்கிறோம்.

நம் தொழிலோடு தொடர்புடைய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். விடுமுறையில் ஊருக்குச் சென்றால், "உங்கள் ஊரில் இரவெல்லாம் பச்சையாக மின்னுமாமே?" என்று எவரேனும் வினவுவதுண்டு. தொடர்களில் கதிரியக்கப் பொருள் என்றாலே பச்சை நிறந்தான். இதன் வேர் பழங்காலக் கடிகாரத்தில் உள்ளது. ரேடியத்தோடு துத்தநாக சல்பைடு கலந்து முட்களிற் பூசினர். ரேடியத்தின் கதிர் பட்டு அப்பூச்சு பச்சையாக மின்னியது. மின்னியது பூச்சேயன்றிக் கதிர் அன்று. டிராம்பேயில் உண்மையில் மின்னியது நீல நிறம். 1956-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் இயங்கத் தொடங்கிய 'அப்சரா' நீர்த்தொட்டி உலையில், நீருக்குள் ஒளி செல்லும் வேகத்தைக் காட்டிலும் விரைந்து எலெக்ட்ரான்கள் பாய்ந்ததால் எழுந்த ஒளி அது. 1934-ஆம் ஆண்டில் அதனைக் கண்ட செரென்கோவ், அதனை விளக்கிய இருவரோடு 1958-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். அந்நீல ஒளியைக் கண்டே பண்டித நேரு விண்ணுலக மங்கையின் பெயரை அவ்வுலைக்குச் சூட்டினார் என்பர். எந்தக் கதாசிரியன் புனைந்த பச்சையும் அந்நீலத்திற்கு ஈடாகுமா? விஞ்ஞானத்தைக் கைவிட்ட தொடர்கள் பலவேளைகளில் உண்மையை மட்டும் அல்ல, அழகையும் சேர்த்தே இழந்துவிடுகின்றன.

உலை அணுகுண்டைப்போல் வெடிக்காது என்பதும் அவ்வாறே. நம் நாட்டுக் கனநீர் உலைகளின் இயற்கை யுரேனியத்தில் பிளவுபடும் வகை 0.7 விழுக்காடு, குண்டுக்கோ 90 விழுக்காடு அளவில் வேண்டும். 1986-ஆம் ஆண்டு செர்னோபிலில் நேர்ந்தது நீராவி வெடிப்பும் பெருந்தீயும். அக்கொடுமையை எவரும் குறைத்துச் சொல்லற்க. ஆனால் 2019-ஆம் ஆண்டில் வந்த 'செர்னோபில்' தொடரில், இன்னொரு வெடிப்பு நேர்ந்தால் 2 முதல் 4 மெகாடன் ஆற்றல் வெளிப்படும் என்று ஒரு பாத்திரம் உரைக்கிறது. ஹிரோஷிமாவைப் போல் நூறு மடங்கிற்கு மேல்! நீராவிக்கு அந்த வலிமை இல்லை. நிலவை அறுத்துச் சென்ற தொடரைக் காட்டிலும் இதில் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டியது மிகுதி. அது நாடக உடையில் வந்தது. இது உலகியல் உடையில் வந்தது. நாளும் மணியும் குறித்து, மெய்ப்பெயர்களைச் சூட்டி வந்த கதையின் முன்னால் ஐயத்தைக் கழற்றி வைக்க வேண்டும் என்றே நமக்குத் தோன்றுவதில்லை, தானே கழன்றுவிடுகிறது.

இனி, இப்பொருளை இந்த ஆண்டு விழாவில் பேச இசைந்ததற்குரிய காரணத்திற்கு வருகிறோம். 'இரிடியம் கலசம்', 'ரைஸ் புல்லர்' என்னும் சொற்களைக் கேளாதவர் இங்கே இருக்க மாட்டார். பழங்காலச் செப்புக் கலம். இடி விழுந்து ஆற்றல் பெற்றது. அரிசியைத் தானாக இழுக்கும். உள்ளே இரிடியம் உண்டு. விண்வெளி ஆய்வுக்கு வேண்டுமென்று பல கோடி ரூபாய் கொடுத்து வாங்குவர். இதுவே கதை. இதற்கு முதற்பணம் கட்டுங்கள், சோதனைக்குப் பணம் கட்டுங்கள் என்று சிறுகச் சிறுகப் பெற்றுக்கொண்டு மறைந்துவிடுவர். 2018-ஆம் ஆண்டில் தில்லிக் காவல்துறை ஒரு தந்தையையும் மகனையும் இக்குற்றத்திற்காகக் கைது செய்தது. நாசாவுக்கு விற்கலாம் என்று ஆசை காட்டி, ஒரு வணிகரிடமிருந்து ஏறத்தாழ 1 கோடியே 43 இலட்சம் ரூபாய் பெற்றனர் என்பது வழக்கு. கதிர்வீச்சுத் தடுப்பு உடை என்று சொல்லி, வெள்ளி நிறத்திற் பளபளக்கும், விண்வெளி வீரர் உடைபோன்ற உடைகளையும் அவர்கள் வைத்திருந்தனர். தமிழகத்திலும் இத்தகைய மோசடிகள் பலகாலமாக நிகழ்கின்றன; 2014-ஆம் ஆண்டில் வெளிவந்த 'சதுரங்க வேட்டை' திரைப்படம் இவ்வித்தையைக் காட்டியது. படம் பார்த்த பின்னரும் ஏமாந்தவர் உளர்.

அந்த வெள்ளி உடையைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம். அது எந்த ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது? தொலைக்காட்சித் தொடரிலிருந்தே வந்தது. நம்மவர் வேலைக்குச் செல்லும்போது அணிவது பருத்தி உடை. மார்பில் ஏற்ற கதிரளவைக் கணக்கிடும் டி.எல்.டி. பட்டை. காமா கதிரைத் தடுக்க ஈயமும் கான்கிரீட்டும் வேண்டும். பளபளக்கும் துணியை அது மதியாது. ஆனால் மெய்யான விஞ்ஞானி பருத்திச் சட்டையோடு வந்திருந்தால் அந்த வணிகர் நம்பியிருப்பாரா என்பது ஐயமே. பல ஆண்டுகளாகத் தொடர்கள் காட்டிய விஞ்ஞானி அப்படி இருப்பதில்லையே!

இரிடியத்தைப் பற்றியும் கூறுவோம். இயற்கையிற் கிடைக்கும் இரிடியம் கதிர் வீசுவதில்லை. கதிர் வீசும் இரிடியம் 192 என்பது உலையிற் செய்வது. குழாய்ப் பற்றவைப்பில் கீறல் உண்டா என்று படமெடுத்துப் பார்க்கவும், புற்றுநோய் மருத்துவத்திற்கும் பயன்படுவது. அதன் அரை ஆயுள் 74 நாள். இரண்டு ஆண்டுகளில் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். முன்னோர் காலத்துக் கலத்தில் அது எங்ஙனம் தங்கும்? அரிசி நகர்வதற்குக் காரணம், அரிசியில் மறைத்த இரும்பும் கலத்தில் மறைத்த காந்தமும்.

ஆனால் இக்கதையில் மிகப் பெரிய பொய் இரிடியத்தில் இல்லை. ஒரு நாற்காலி வாங்குவதற்கு மூன்று விலைப்புள்ளிகள் கேட்டு, கோப்பினை நிதிப் பிரிவுக்கு அனுப்பி, அது இருமுறை திரும்பி வந்து, அடுத்த நிதியாண்டில் நாற்காலி வந்து சேரும் அலுவலகங்களை நாம் அறிவோம். அத்தகைய அரசு நிறுவனம் நள்ளிரவில் விடுதி அறைக்கு ஆளனுப்பி, ரொக்கமாகப் பல கோடி கொடுத்துக் கலசம் வாங்கும் என்பதைப் பார்க்கிலும் நிலவு அறுந்து ஓடியது எளிதில் நம்பத்தக்கது! இதனைச் சொல்லப் பௌதிகம் படித்திருக்கவும் வேண்டுவதில்லை. நம் கணக்கரும் கிடங்குக் காப்பாளரும் சொல்லலாம். அவர்கள் சொல்லே விரைவில் பலிக்கும்.

இந்திய அறிவியல் நிறுவனங்களின் பெயர்களைச் சொல்லி இவ்வேமாற்று நடப்பதால், இது நம் வீட்டு வாயிலுக்கு வந்த வழக்கு. மே மாதத்தில் குர்லாவிலும் தாதரிலும் வண்டியேறி நாம் ஊர் செல்கிறோம். அங்கே மாமாவோ சிற்றப்பாவோ, "நீ அணுசக்தியில்தானே இருக்கிறாய்? ஒரு பொருள் வந்திருக்கிறது" என்று தணிந்த குரலில் தொடங்கினால், சிரித்து ஒதுக்கிவிடாதீர்கள். சிரித்தால் அவர் நம்மிடம் மறைத்துவிட்டு, வீட்டுப் பத்திரத்தோடு அவர்களிடம் செல்வார். அருகில் அமர்ந்து, கலத்திற்கு அருகே ஒரு சட்டை ஊசியை நீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நிதிப் பிரிவின் கதையையும் கூறுங்கள்.

வீட்டில் மட்டும், நாற்காலியிலிருந்து எழும் அந்தக் குரலைத் தொடர் முடியும்வரை அடக்கிக்கொள்ளுமாறு தந்தையரை வேண்டுகிறோம். பிள்ளைகளுக்கு அந்த அரைமணி நேரம் உரியது. முடிந்தவுடன், சோறு பரிமாறும் வேளையில், எது ஓடாது, ஏன் ஓடாது என்று எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், அவர்களும் கேட்பார்கள். விடுமுறைக்குப்பின் சங்க நூலகத்தில் மாதம் ஒரு மாலை இதற்கென ஒதுக்கலாம் என்று ஆட்சிக் குழுவுக்கு ஒரு விண்ணப்பமும் வைக்கிறோம். தொடரைப் பிள்ளைகள் தெரிந்தெடுக்கட்டும். காகிதமும் பென்சிலும் பெரியவர்கள் கொண்டுவரட்டும்.

நிலவின் நிறையையும் வேகத்தையும் முன்னரே கூறிவிட்டோம். ஒரு மெகாடன் என்பது 4.18-ஐ அடுத்து 15 முறை பத்தாற் பெருக்கிய ஜூல். 18,000 கோடி என்று நாம் சொன்னது சரிதானா என்பதை மாணவச் செல்வங்கள் வீட்டிற் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். விடையில் வேறுபாடு கண்டால் அடுத்த ஆண்டு விழாவில் இம்மேடையிலேயே வந்து சொல்லலாம். இடம் ஒதுக்கித் தருமாறு செயலாளரிடம் இப்போதே கேட்டுக்கொள்கிறோம்.